டர்பன்வாசிக்கு 'கிளிக்': ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதி எவ்வளவு தூரம் உதவும்?

ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் இணையப் பதிப்பு இலவசம். அதை எடைபோட 'கிளிக்' என்ற ஒரு சொல்லே போதும். டர்பன் இருக்கும் இந்தத் தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லுக்கு வேலை கொஞ்சம் அதிகம்: மவுஸ், 1968-இல் தொடங்கிய 'கிளிக்ஸ்' மருந்துக்கடைகள், போதாததற்கு ஜூலு மொழியில் 'கிளிக்' எனப்படும் நாக்கொலிகள்.

ஓசைப் பொருளில் அகராதி கெட்டி. 'த டோர் கிளிக்ட் ஷட்' என்ற எடுத்துக்காட்டு ஒன்றே வந்த காரியத்தை முடித்துவிடுகிறது. வினையை அடுத்துப் பெயரடையைப் போட்டால் போதும். நம்மவர்கள் இதையே 'குளோஸ்ட் வித் எ கிளிக் சவுண்ட்' என்று இழுப்பார்கள். சவுண்ட் அங்கே வேண்டாத சுமை. எந்த ஓசைக்கு எந்தச் சொல் என்பதைத்தான் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். சீட் பெல்ட் மாட்டுவதும் கெட்டில் தானே அணைவதும் கிளிக். காற்றில் கதவு அறைந்தால் பேங். கடிகாரத்துக்கு டிக்.

பேச்சுவழக்குப் பொருள்களில் எழுவாயைக் கவனித்துப் படியுங்கள். சட்டென்று புரிந்தால் 'இட் கிளிக்ட்'. அந்தப் பொருளில் 'ஐ கிளிக்ட்' என்றால் தப்பு. பார்த்ததும் ஒத்துப்போனால் 'வி கிளிக்ட்'. 'போட்டோ கிளிக் பண்ணினேன்' என்ற ஊர்ப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலமாக்க வேண்டாம். இங்கே டேக் எ போட்டோதான்.

மொழியியல் பொருளும் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதி மொழிகளில் அதிகம் என்ற குறிப்போடு முடிந்துவிடுகிறது. இங்கே வாழ்பவருக்கு அது காணாது. ஜூலுவில் இந்த ஒலிகளுக்கு மூன்று ஆங்கில எழுத்து, நாக்குக்கு மூன்று இடம். சி: நுனிநாக்கை மேற்பல்லுக்குப் பின்னால் ஒட்டி இழுப்பது, 'அடடா' என்று நாம் உச்சுக்கொட்டும் அதே ஒலி, காதணிக்கான 'இசிசி'யில் வருவது இதுதான். எக்ஸ்: நாக்கின் பக்கவாட்டில் காற்றை இழுப்பது, மாட்டை முடுக்கும் ஒலி, தவளைக்கான சொல்லில் இது இருக்கிறது, 'இகோகோ' என்று தமிழில் எழுதினால் பாதி போய்விடும். கியூ: நாக்கை அண்ணத்தில் அழுத்திச் சட்டென்று கீழே இறக்குவது, தக்கை திறக்கும் ஓசை, முட்டைக்கான 'இகாண்டா'வில் வருவது இதுதான். மூன்றையும் 'க' என்று சொல்லி ஒப்பேற்றுவதுதான் வழக்கமான பிழை. மூச்சை வெளியே தள்ளினால் எதுவும் வராது; காற்று உள்ளே போக வேண்டும். போர்ட் எலிசபெத் நகருக்கு 2021-இல் வந்த புதுப்பெயரான 'கெபெர்ஹா'வில் (Gqeberha) கோசா மொழியின் கியூ இருக்கிறது, பழகிப் பார்க்கலாம்.

உச்சரிப்பு ஒலிப்பதிவு பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்களில் மட்டுமே. ஆங்கிலத்துக்கு அது போதும். ஜூலுவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதே மேல்.