மித்ரோவிட்சா இளைஞர்களுக்கு எது பொருந்தும்: வானொலியா, காணொளியா?

கொசோவோவின் மித்ரோவிட்சாவில் இபார் ஆற்றுக்கு வடக்கே பெரும்பாலும் செர்பியர்கள், தெற்கே அல்பேனியர்கள். செர்பியப் படைகளுக்கும் அல்பேனியப் போராளிகளுக்கும் நடந்த போர் 1999இல் முடிந்தபின் பிறந்த பிள்ளைகள் தனித்தனிப் பள்ளிகளில், தனித்தனிப் பாடத்திட்டத்தில் வளர்ந்தவர்கள். இவர்களைச் சேர்த்து ஊடகப் பயிற்சி நடத்த விரும்புகிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான்.

செலவு: வானொலிக்கு ஒலிப்பதிவுக் கருவியும் அமைதியான அறையும் போதும். காணொளிக்குப் படத்தொகுப்பு வேலை கூடுதல். கைபேசி வந்தபின் வித்தியாசம் குறைந்துவிட்டது.

பாதுகாப்பு: செலவைவிட இதையே பெரிதாக நினைக்கிறேன். “அந்தக் கரைக்காரர்களோடு உனக்கென்ன பேச்சு?” என்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணைத் தெருவில் மடக்கிக் கேட்க ஒரேயொரு காட்சி போதும். வானொலியில் பெயர் சொல்லாமல் பேசலாம். காணொளியில் முகத்தை மறைத்தால் படத்தின் உயிரே போய்விடும்.

மொழி: இதில் காணொளிதான் மேல். வானொலியில் அல்பேனியப் பேச்சின்மேல் செர்பிய மொழிபெயர்ப்பு ஓடும். பேசியவரின் தயக்கமும் சிரிப்பும் அதனடியில் அமுங்கிவிடும். சப்டைட்டில் இருந்தால் அந்தக் குரல் முழுதாகக் கேட்கும்.

ஆயுள்: ஒலிபரப்பு பெரும்பாலும் அன்றோடு சரி. நல்ல குறும்படம், கொசோவோவின் ப்ரிஸ்ரென் நகரில் 2002 முதல் நடக்கும் தோகுஃபெஸ்ட் போன்ற ஆவணப்பட, குறும்பட விழாக்களுக்கும் போகலாம்.

முன்பின் அறியாதவர்கள் சந்திக்கும் குழுவுக்கு வானொலியே ஏற்றது. பழகி, பெற்றோர் சம்மதமும் பெற்ற குழு கேமராவை எடுக்கலாம். ஆனால் பதற்றம் ஏறும் நாட்களில் படத்தை வெளியிடாமல் நிறுத்தும் உரிமை அந்தப் பிள்ளைகளிடமே இருக்க வேண்டும்.