மாதம் 5,000 ரூபாய்: ஏலச்சீட்டா, நகைச்சீட்டா, ஆர்.டி.யா?

வேலைக்குப் போகத் தொடங்கியவரிடம் செலவு போக மாதம் 5,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அந்தப் பணத்தை மூன்று பேர் கேட்டு வருவார்கள்: சீட்டுப் பிடிப்பவர், நகைக்கடைக்காரர், வங்கி அல்லது அஞ்சலகம். எதில் அதிகம் கிடைக்கும் என்று மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு, சேமிப்பு. ஏலச்சீட்டு பாதி சேமிப்பு, பாதி கடன். நகைச்சீட்டோ, முன்பணம் கட்டி வாங்கும் சரக்கு.

சீட்டுதான் மூன்றிலும் சிக்கலானது. மாதாமாதம் சேரும் மொத்தப் பணத்தை, அதில் அதிகத் தொகையை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பவர் ஏலத்தில் எடுப்பார்; அந்த விட்டுக்கொடுக்கும் தொகைதான் தள்ளு. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், தவணை 5,000. கம்பெனியின் கமிஷன் 5%, அதாவது மாதம் 5,000. முதல் மாதம் 25,000 தள்ளுக்கு ஏலம் போகிறது, எடுத்தவருக்கு 75,000. தள்ளில் கமிஷன் போக மிஞ்சும் 20,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,000 கழிவு. அந்த மாதம் கட்ட வேண்டியது 4,000 மட்டுமே. தள்ளு மாதாமாதம் சீராகக் குறைந்து கடைசி மாதம் வெறும் கமிஷன் அளவான 5,000-ல் நிற்கிறது என்று கொண்டால், 20 மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது மொத்தம் 90,000.

கடைசியாக எடுப்பவருக்கு 95,000 வரும். கமிஷன் மீது 18% ஜி.எஸ்.டி. உண்டு; அந்த 900-ஐ எடுப்பவர் தலையில் வைத்தால் கையில் 94,100, ஆதாயம் 4,100. இதை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6%. அதே தவணைகளை அதே தேதிகளில் அஞ்சலக ஆர்.டி. தரும் 6.7% வட்டியில் போட்டிருந்தால் 4,600-க்குக் குறையாமல் கிடைத்திருக்கும். கடைசி வரை காத்திருந்து எடுத்தால் லாபம் என்ற பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பு. கமிஷன் கூடினால் அதுவும் இல்லை. 2019-ல் வந்த சட்டத் திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5%-லிருந்து 7% ஆக்கியது. மேலே சொன்ன சீட்டில் 7% பிடித்து, தள்ளு 25,000-ல் தொடங்கி 7,000-ல் முடிந்தால், கடைசி ஆளின் ஆதாயம் வெறும் 740 ரூபாய்.

முதல் மாதமே எடுப்பவர் கதை நேர் எதிர். ஜி.எஸ்.டி. போக 74,100 வாங்கி, மொத்தம் 90,000 கட்டுகிறார். அவருக்கு இது ஆண்டுக்கு 24%-க்கும் மேல் வட்டி வைத்த கடன். அவசரத்துக்குக் கந்துவட்டிக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கடன் கடன்தான். ஆக, நடுவில் ஒரு பெரிய செலவு, அதாவது வீட்டுக்கு அட்வான்ஸ் அல்லது கல்லூரிக் கட்டணம், வரும் என்று தெரிந்தவருக்கே சீட்டு பொருந்தும்.

புதிதாகச் சேர்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஏலம் அல்ல, ஜாமீன். ஏலம் எடுத்த மறுநாள் பணம் வந்துவிடாது. மீதித் தவணைகளுக்கு ஈடாகச் சம்பளச் சான்றுடன் ஜாமீன்தாரர்களைக் கேட்பார்கள். பல கம்பெனிகள் அரசு ஊழியர் கையெழுத்துதான் வேண்டும் என்று நிற்கும். ஆள் கிடைக்காவிட்டால் 25,000 தள்ளி எடுத்த பணம் உங்கள் கைக்கு வராமல் கிடக்கும். யாரை ஏற்பார்கள் என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். இன்னொன்று: 1982-ம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி, சீட்டு தொடங்குமுன் அரசின் முன் அனுமதியும் பதிவும் வேண்டும்; நடத்துபவர் ஒரு சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளர் பெயரில் வைக்க வேண்டும். கம்பெனி பதிவானது என்பது போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்கே அனுமதி எண் இருக்க வேண்டும். ஒப்பந்த நகலில் அந்த எண்ணைத் தேடுங்கள். தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கும் சீட்டில் இது எதுவும் இருக்காது. நடத்துகிற அக்கா நல்லவர்தான்; எடுத்துவிட்டுக் கட்டாமல் போகும் ஏழாவது ஆள் யார் என்பது அவருக்கும் தெரியாது.

நகைச்சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். அதற்கு விதிகள் கடுமை. 11 தவணை, அதாவது 55,000 கட்டினால் ஒரு தவணையைக் கடை போடும், 60,000-க்கு நகை. கேட்க இனிக்கிறது. 12% சேதாரமும் அதன்மேல் 3% ஜி.எஸ்.டி.யும் போட்டால், 60,000-க்குக் கிடைக்கும் தங்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 52,000. போனஸையும் தின்றுவிட்டு, கட்டிய பணத்திலும் 3,000 குறைகிறது. போனஸுக்குப் பதில் சேதாரமே இல்லை என்னும் திட்டமானால் 55,000-க்கு 53,400 அளவுக்குத் தங்கம் வரும். எந்த நகைக்கு, எத்தனை சதவீதம் வரை சேதாரம் தள்ளுபடி, கல் வைத்ததற்கு உண்டா, நாணயமாகத் தருவார்களா என்பதெல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

கட்டும் பணத்தை அன்றைய விலைக்கு கிராமாக வரவு வைக்கும் திட்டம், பணமாகவே வைத்திருக்கும் திட்டம் என இரண்டு வகை உண்டு. விலை ஏறும் ஆண்டில் முதல் வகைக்காரர் பிழைப்பார். எப்படியும் ஓராண்டுக்குள் வீட்டில் நகை வாங்கியே ஆக வேண்டும் என்றால் நகைச்சீட்டு நியாயமான வழி. முதலீடு என்று நினைத்துச் சேர வேண்டாம். இடையில் கடை மூடினால் கேட்க வங்கிக்கு இருப்பதுபோல் காப்பீடும் இல்லை. வாங்கும்போது ஹால்மார்க்குடன் நகையில் பொறிக்கும் ஆறு எழுத்து அடையாள எண்ணான எச்.யு.ஐ.டி. முத்திரையைப் பாருங்கள்.

ஆர்.டி.யில் வியப்பு எதுவும் கிடையாது. தொடங்குபவருக்கு அதுதான் வசதி. அஞ்சலகத்தில் 60 தவணை, 6.7% வட்டி; மாதம் 5,000 கட்டினால் முடிவில் ஏறத்தாழ 3,56,800. தவறிய தவணைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம். நான்கு தவறினால் கணக்கு நின்றுபோகும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்கலாம். 15-ம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில் வருபவர் 16-க்குப் பிறகு தொடங்குவது நல்லது. பலர் கவனிக்காதது: மூன்று ஆண்டு முடியும்வரை மூட முடியாது, அதன்பிறகு மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டியான 4%தான். ஓராண்டு கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன் கிடைக்கும், ஆர்.டி. வட்டியைவிட 2% கூடுதலாக.

ஆகவே ஆஸ்பத்திரி, வேலை இழப்பு போன்ற அவசரத்துக்கான பணத்துக்கு வங்கி ஆர்.டி.யே ஏற்றது. சிறிது வட்டியை விட்டுக்கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை, வட்டியும் சேர்த்து, காப்பீடு உண்டு. தொடங்கும்போது 5,000-க்கு ஒரே கணக்காகப் போடாமல் ஆயிரம் ஆயிரமாக ஐந்து கணக்கு போடுங்கள். திடீரென 8,000 தேவைப்பட்டால் ஒன்றிரண்டை உடைத்தால் போதும், மற்றவற்றின் வட்டி குறையாமல் ஓடும்.