மஞ்சள் எஞ்சின் லைற்: பற்றறி வயர், போன் ஸ்கானர், கம்பித் துண்டு, வயரிங் அண்ணை

எங்களிடம் இருப்பது 1994ஆம் ஆண்டுக் கொரோலா. இங்கே கிளிநொச்சியில் அதை 'ஹன்ட்ரட்' என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும். மச்சானிடம் 2012 விற்ஸ். காலபோக அறுவடை முடிந்த கையோடு முதலில் என் காரிலும், ஒன்றரை மாதம் கழித்து அவருடையதிலும் மஞ்சள் எஞ்சின் லைற் பற்றிக்கொண்டது. இரண்டும் ஓடத்தான் செய்தன. லைற் மட்டும் அணையவில்லை. தருமபுரத்திலிருந்து பரந்தன் சந்தி வரும்வரை கண் ரோட்டில் பாதி, டாஷ்போர்டில் பாதி.

பழைய காரை விற்றுத் தள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் விலை போன இடத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். இருப்பதைத் திருத்தி ஓடுவதுதான் வழி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மஞ்சள் லைற் எரிந்தால் நாங்கள் பார்த்த வழிகளைப் பற்றிய பேச்சு. சிவப்பில் எண்ணெய்க் குடம் போல ஒன்று எரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சள் லைற் அசையாமல் எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். விற்ஸ் போன்ற கார்களில் ஓடும்போது அது மின்னத் தொடங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுக் கெடுக்கும். அந்த நிலையில் காரை மிதிக்கக்கூடாது.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது, 'பற்றறி வயரைக் கழற்றிப் பத்து நிமிசம் விடு'. காசு இல்லை, கையில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தால் போதும். நானும் செய்தேன். லைற் அணைந்தது. இரண்டாம் நாள் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து சாவியைப் போட்டு ஸ்ராட் பண்ண, மறுபடியும் அதே மஞ்சள். வயரைக் கழற்றியதால் பிழை போகவில்லை, பிழையை எழுதி வைத்திருந்த நினைவுதான் போயிற்று. அதோடு எஞ்சின் கொம்பியூட்டர் இத்தனை நாள் பழகி வைத்திருந்த ஐட்லிங்கும் கொஞ்ச நேரம் தடுமாறியது. பிழை என்ன என்று பார்க்கும் முன் இதைச் செய்வது தடயத்தைக் கூட்டித் துடைப்பது மாதிரி. இது கடைசியில் செய்ய வேண்டிய வேலை, முதலில் செய்வதல்ல.

அடுத்தது மச்சானின் விருப்பம்: புளூடூத் ஸ்கானர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சொக்கற்றில் குத்தினால் போனில் பிழை எண் வந்துவிடும். விற்ஸில் உடனே பேசியது: பி0301, அதாவது முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. மச்சான் உடனே பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கொயில் வாங்கக் கிளம்பினார், நான் மறித்தேன். அந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனிக் கொயில். முதலாவதன் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை முதலாவதில் போட்டு ஓடிப் பார்த்தோம். பிழை எண் பி0302 ஆக மாறியது. கொயிலோடு பிழையும் கூடவே போயிற்று. அது மாறாமல் 0301 என்றே நின்றிருந்தால் கொயிலை விட்டு பிளக்கையோ இஞ்செக்டரையோ பார்த்திருப்போம். ஒரு கொயில் வாங்கினோம், முடிந்தது. இந்த வேலைக்கு அந்தச் சின்னச் சாமானைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் அதே ஸ்கானர் என் காரில் ஊமை. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலிருந்தும்தான் ஸ்கானரோடு கார் பேசும் இந்தப் பொது மொழி (ஓபிடி) கட்டாயமானது. ஜப்பானுக்குள் விற்பதற்கென்று செய்த பழைய கார்கள் அந்தக் கணக்கில் வராது. 2000ஐ ஒட்டிய ஜப்பான் கார்களில் 16 முனைச் சொக்கற் இருக்கும், ஆனாலும் சிலது பேசும், சிலது பேசாது. வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கிக் குத்திப் பார்ப்பது புத்தி.

என் காருக்கு உதவியது ஒரு கம்பித் துண்டு. பொனற்றைத் திறந்தால் 'டயக்னோசிஸ்' என்று மூடியில் எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் முனைகளின் பெயர்ப் படம். அதில் டிஇ1, இ1 என்ற இரண்டையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் பண்ண வேண்டும். டாஷ்போர்ட் லைற் மின்னும். இடைவிடாமல் ஒரே சீராக மின்னினால் பிழை ஒன்றும் பதியவில்லை. எனக்கு இரண்டு மின்னல், சின்ன இடைவெளி, ஒரு மின்னல். திரும்பவும் இரண்டு, ஒன்று. மகள் பக்கத்திலிருந்து விரல் விட்டு எண்ணினாள். 21, புகையில் மிஞ்சிய ஒக்சிஜனை அளக்கும் ஒக்சிஜன் சென்சர் பக்கம் பிழை. 22 வந்திருந்தால் தண்ணிச் சூட்டுச் சென்சர், 41 என்றால் திறொட்டில் சென்சர். செலவு சதம்கூட இல்லை. பெட்டியில் வேறு முனைகளும் உண்டு, மாறிக் குத்தினால் பியூஸ் போகும். மூடியைப் பார்த்து ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுக் குத்துங்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். 21 என்றதும் ஒரு கராஜில் போய்ச் சொன்னேன். அவர்கள் பொனற்றைக்கூடச் சரியாகத் திறக்காமல் 'சென்சர் போயிட்டுது' என்று ஒரு ரீகண்டிஷன் சென்சரைப் போட்டு, காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் லைற் வந்துவிட்டது. பிழை எண் என்பது எந்த வட்டாரத்தில் தேட வேண்டும் என்று சொல்லுமே தவிர, எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்று சொல்லாது. சென்சர், அதன் வயர், வயரை இணைக்கும் கப்ளர், இவற்றில் எது போனாலும் அதே 21தான்.

கடைசியில் போனது ஊரில் வயரிங் வேலை செய்கிற ஒரு அண்ணையிடம். கடை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வேப்ப மரமும், மின்சாரம் பார்க்கிற ஒரு மீற்றரும்.

"சென்சர் பிழையெண்டு ஆர் தம்பி சொன்னது? முதல்ல வயரை ஒருக்காப் பாப்பம்."

மீற்றரின் ஒரு முனையைக் கப்ளரில் வைத்து, மறு கையால் வயரை விரலுக்கு விரல் மெல்ல வளைத்துக்கொண்டே வந்தார். கப்ளரிலிருந்து ஒரு சாண் கீழே மீற்றரின் எண் குதித்தது. டேப்பை உரித்தால் உள்ளே பல்லுத் தடம். அறுவடை முடிந்து வயல் வெட்டையானதும் எலி வீட்டுப் பக்கம் வரும். எஞ்சின் சூட்டுக்குள் படுத்து, பொழுது போகாமல் வயரைக் கடிக்கும். செப்பில் இரண்டு இழைதான் மிச்சம். வெட்டி, புது வயர் வைத்து ஈயம் உருக்கி ஒட்டி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டார். பிறகு பழைய பிழை நினைவை அழிக்க, எஞ்சின் கொம்பியூட்டருக்கான ஈஎஃப்ஐ பியூஸைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்து மாட்டினார். லைற் இன்றுவரை வரவில்லை. பழைய சென்சரையே திரும்பப் போட்டு ஓடுகிறேன். வாங்கிய ரீகண்டிஷன் சென்சர் அலுமாரியில் கிடக்கிறது.

வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய்ப் பெரிய ஸ்கானரில் பார்ப்பதும் ஒரு வழி. கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஒரு பக்கமே 75 கிலோமீற்றருக்கு மேல். பிரேக்கின் ஏபிஎஸ் லைற், எயார்பாக் லைற் என்றால் அந்தப் பெற்றோல் செலவு நியாயம். எயார்பாக் வயரில் மீற்றர் வைக்கவே கூடாது, அது வெடிக்கிற சாமான். எஞ்சின் லைற்றுக்கு மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அவரது மொறிஸ் மைனர் ஓடியது மண்ணெண்ணெயில். கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குறை சொல்ல அதில் ஒரு லைற்றும் இல்லை. லைற் எரிந்தபடியே ஓடலாமே என்றும் கேட்டார். ஒக்சிஜன் சென்சர் இல்லாவிட்டால் பெற்றோல் கூடக் குடிக்கும். பெற்றோல்-காற்றுக் கலவை தடித்து கார்பன் மொனொக்சைட் ஏறும். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். அங்கே டாஷ்போர்டைப் பார்க்க மாட்டார்கள், புகைக்குழாய்க்குள்தான் குழாயை விடுவார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது: பல்பைக் கழற்றிவிடுவது. விற்க நிற்கிற சில கார்களில் இதைச் செய்திருப்பார்கள். போன கிழமை மச்சானின் தம்பிக்காக ஒரு கார் பார்க்கப் போனோம். நல்ல பெயின்ற், புது சீற் கவர். மச்சான் ஏறிச் சாவியை ஒன் பண்ணினார். எண்ணெய் லைற் வந்தது, பற்றறி லைற் வந்தது. எஞ்சின் லைற் மட்டும் வரவேயில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.