கூண்டுப்புழுவா, குருத்துப்பூச்சியா?

இரண்டும் நெல்வயலின் அந்துப்பூச்சிகள்தான். ஆனால் தண்ணீரை உண்மையில் வீடாக்கிக்கொண்டது கூண்டுப்புழுதான். இலை நுனியைக் கத்தரித்தது போல வெட்டி, சுருட்டிக் குழாயாக்கி, அதற்குள் புகுந்து தண்ணீரில் மிதக்கும். உடம்பின் இருபுறமும் நூல் நூலாகச் செவுள்கள்! அந்துப்பூச்சிப் புழுவுக்குச் செவுள் என்பது அபூர்வம். கூண்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் பிழைக்கும். அதனால் வயலை வடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிர்மேல் இழுத்துக் கூண்டுகளை உதிர்த்துவிட்டுத் தண்ணீரை வடிப்பதும் உண்டு. வெட்டுப்பட்ட பயிரும் பெரும்பாலும் தேறிவிடும்.

குருத்துப்பூச்சி அப்படியில்லை. பெண் பூச்சி மஞ்சள் நிறம், முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. இலை நுனிப் பக்கம் முட்டையிட்டு, மேலே பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். புழு தண்டுக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. இளம்பயிரில் நடுக்குருத்து காயும்; இழுத்தால் கையோடு வரும். கதிர் பருவத்திலோ மணி பிடிக்காத வெறும் வெண்கதிர்தான். நடும்முன் நாற்றின் நுனியைக் கிள்ளினால் முட்டைகளும் போகும்.

ரசிக்கக் கூண்டுப்புழு. பயப்பட, சந்தேகமே இல்லை, குருத்துப்பூச்சி.