சேனலை ஏஜென்சியிடம் கொடுக்கும் முன்: பணம் யார் கணக்குக்கு வருகிறது என்று பாருங்கள்

"சேனல் மேனேஜ்மென்ட்" என்று சொல்லிக்கொண்டு வரும் ஏஜென்சிகளிடம் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். நான் திருச்சியில் இருந்து மாடித்தோட்ட யூடியூப் சேனல் நடத்துகிறேன். ஐம்பதாயிரம், ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர் வந்து, இதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற கட்டத்தில் இருப்பவர்களைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள். பெரிய சேனல்காரர்களுக்குச் சொந்தமாக ஆடிட்டரும் வக்கீலும் இருப்பார்கள். சின்ன சேனலில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. நடுவில் இருக்கிற நாம்தான் வசதி.

விவகாரம் இன்னும் விசாரணையில் இருப்பதால் ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. தலைமையகம் மும்பை, சென்னையில் ஒரு கிளை. அவ்வளவு போதும்.

"அக்கா, நீங்க செடியையும் கேமராவையும் மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. பிராண்ட் டீல் (கம்பெனியின் பொருளைப் பணம் வாங்கிக்கொண்டு வீடியோவில் காட்டுவது) பிடித்துத் தருவார்கள், அதில் 20% கமிஷன். நியாயமாகச் சொல்ல வேண்டும், முதல் சில டீல்களுக்குப் பணம் சொன்ன தேதியில் வந்தது. உரம், தொட்டி, சொட்டுநீர் குழாய் என்று நானே பேசியிருந்தால் கிடைத்திருக்காத கம்பெனிகள். அந்த நம்பிக்கையில்தான் அடுத்த கட்டம்: சேனலை அவர்களுடைய நெட்வொர்க்கில் சேர்ப்பது.

இதன் அர்த்தம் பலருக்குத் தெரிவதில்லை. தனியாக இருக்கும்போது நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55% நமக்கு, 45% யூடியூபுக்கு. போன மாதக் கணக்கு இந்த மாதம் 7 முதல் 12 தேதிக்குள் முடிவாகும். 100 டாலரைத் தாண்டியிருந்தால் 21 முதல் 26 தேதிக்குள் கூகுள் நம் வங்கிக்கு அனுப்பிவிடும். இந்த ஒழுங்கை நம்பித்தான் வீட்டு வாடகையும் எடிட்டர் சம்பளமும் ஓடுகின்றன. நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டால் அந்தப் பணம் நம் ஆட்சென்ஸுக்கு, அதாவது கூகுள் விளம்பரப் பணம் போடும் நம் கணக்குக்கு, வராது. நெட்வொர்க்கின் கணக்குக்குப் போய், அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குத் தோன்றும்போது அனுப்புவார்கள். என் விஷயத்தில் தீபாவளி மாதப் பணம் தாமதமாகத் தொடங்கியது. வருடத்திலேயே விளம்பர ரேட் நன்றாக இருக்கும் சமயம் அதுதான்.

வந்த பணத்திலும் ஓட்டை. அவர்கள் அனுப்பிய எக்ஸெல் ஷீட்டில் "அமெரிக்க வரி 30%" என்று ஒரு வரி, மொத்தத் தொகையின் மேல். 2021 ஜூன் முதல் கூகுள் அமெரிக்க வரி பிடிப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் பார்வையாளர்களால் வந்த வருமானத்தின் மேல் மட்டும்தான் பிடிக்கிறது. வரி விவரப் படிவம் கொடுத்த இந்தியருக்கு அதுவும் 15%தான், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி. என் வீடியோவைப் பார்ப்பவர்கள் தமிழ்நாடு, இலங்கை, வளைகுடா. மொட்டை மாடியில் கத்தரி வளர்ப்பதை டெக்சாஸில் எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்? யூடியூப் ஸ்டூடியோவில் நாடுவாரியாக வருமானத்தைப் பார்க்கலாம். அதை எடுத்து அனுப்பிக் கேட்டபோது "அது சிஸ்டம் ஜெனரேட்டட், அக்கா" என்ற பதில் மட்டும் வந்தது.

ஆனால் உண்மையில் தூக்கம் போனது ஜூலையில், ஆடிட்டர் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துக் காட்டியபோது. நம் பான் எண்ணில் யார் யார் எவ்வளவு டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) கட்டியிருக்கிறார்கள் என்று அதில் வரும். ஏஜென்சி ஒவ்வொரு பிராண்ட் டீலிலும் 10% டிடிஎஸ் என்று கழித்துக்கொண்டுதான் எனக்கு அனுப்பியது. படிவத்தில் அவர்கள் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லை. கழித்ததைக் கட்டவே இல்லை. கழிக்கப்பட்ட வரியை நம்மிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, சரி. நடைமுறையில், படிவத்தில் இல்லாத தொகையைக் காட்டி ரீஃபண்ட் கேட்டால் கேள்விதான் வரும்.

இன்னொன்று, படிவத்தில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தது. ஒரு கம்பெனி என் பான் எண்ணில் 194ஆர் பிரிவில் வரி கட்டியிருந்தது. 2022 ஜூலையில் வந்த பிரிவு இது. தொழில் சம்பந்தமாக ஒருவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால், கொடுப்பவர் 10% வரி கட்ட வேண்டும். விசாரித்தால், காய்ந்த இலை தழைகளைத் தூளாக்கும் ஒரு மெஷின். வீடியோவுக்காக ஏஜென்சிக்காரர்கள் அதைத் தங்கள் சென்னை ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்கள், நான் போய்ப் படம் எடுத்துக் கொடுத்தேன், மெஷின் அங்கேயே நின்றுவிட்டது. கம்பெனிக்குத் திரும்பிப் போகவும் இல்லை. திருப்பிக் கொடுத்திருந்தால் அது சலுகைக் கணக்கிலேயே வராது. இப்போது அது என் வருமானம், மெஷின் மட்டும் ஏஜென்சியிடம்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆபத்து கமிஷன் சதவீதத்தில் இல்லை. "நிகர வருமானம்" என்று எழுதியிருப்பார்கள், எதையெல்லாம் கழித்த பிறகு நிகரம் என்று எங்கும் இருக்காது. "ஒப்பந்தக் காலத்தில் கிரியேட்டருக்கு வரும் எல்லா வருமானமும்" என்றிருந்தால், நீங்கள் சொந்தமாக விதை பாக்கெட் விற்றாலும் அவர்களுக்குப் பங்கு. முடிவதற்கு 90 நாள் முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் தானாகவே இன்னும் இரண்டு வருடம் நீளும். வீடியோக்களின் உரிமை "உலகெங்கும், காலவரையின்றி" அவர்களுக்கு. இந்தச் சொற்கள் சும்மா வருவதில்லை. நம் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடைக்காமலிருக்கத்தான் அந்த இரண்டு சொற்களும். அதே சமயம் எல்லா மிரட்டலுக்கும் பயப்படவும் வேண்டாம். விலகிய பிறகு ஒரு வருடம் வேறு ஏஜென்சியுடன் வேலை செய்யக் கூடாது என்று எனக்கு மெயில் வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட தடை செல்லாது என்று வக்கீல் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சேனல் அனுமதி விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். பிராண்ட் அக்கவுண்டில் (ஒரு சேனலைப் பலர் சேர்ந்து நிர்வகிக்க உதவும் கூகுள் கணக்கு) அவர்களையும் "ஓனர்" ஆகப் போடச் சொன்னார்கள். ஓனராகச் சேர்ந்து 7 நாள் ஆன ஒருவர் முதன்மை ஓனராகவும் ஆக முடியும். அப்புறம் சேனல் யாருடையது என்று நாம்தான் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். வீடியோ ஏற்றுவதற்கு எடிட்டர் அனுமதி தாராளமாகப் போதும். வருமானம் தெரிய வேண்டாம் என்றால் அதிலேயே வரம்புள்ள எடிட்டர் என்று ஒன்று இருக்கிறது.

நெட்வொர்க்கில் இருந்து வெளியே வருவதற்கு யூடியூபிடம் போனால், இது உங்கள் இருவருக்குமான ஒப்பந்தம், நாங்கள் தலையிட முடியாது என்பார்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் சேனலை விடுவித்தார்கள்.

பாக்கிப் பணத்துக்கு வழி இருக்கிறது. பல கிரியேட்டர்களுக்கு இது தெரியாததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு, ஆன்லைனில் இலவசம், தனி ஆளாகச் சேவை செய்பவரும் செய்துகொள்ளலாம். பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்து தருகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. என் ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் மும்பையில் மத்தியஸ்தம் என்று இருந்தது. ஆனால் இந்தச் சட்டப்படி வேலை செய்து கொடுத்தவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலிலேயே (இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) மனு போடலாம், அந்த மும்பை வரி குறுக்கே நிற்காது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் கவுன்சில்கள் இருக்கின்றன. வேலையைச் செய்வதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் வாதம் வலுவாக நிற்கும், அதனால் அடுத்த டீல் வரும்வரை காத்திருக்காமல் இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.

என் மனு பிராண்ட் டீல் பாக்கிக்கு மட்டும். விளம்பர வருமானப் பங்கு இதற்குள் வருமா என்பதில் வக்கீலுக்கே சந்தேகம், அதற்குத் தனியாக சிவில் வழக்கு. கட்டாத டிடிஎஸ் பற்றி வருமான வரித் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். கழித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம் என்று நோட்டீஸில் எழுதியதும், பழைய இரண்டு காலாண்டுக்கான தொகை அவசரமாக 26ஏஎஸ்-இல் வந்து உட்கார்ந்துவிட்டது. மீதி இன்னும் வரவில்லை.

இப்படி ஒரு ஒப்பந்தத்துக்குள் ஏற்கெனவே இருப்பவர்கள் இன்று இரவே யூடியூப் ஸ்டூடியோவில் இருந்து மாதவாரி, நாடுவாரி வருமானத்தைத் தரவிறக்கி, ஏஜென்சி அனுப்பிய ஷீட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 26ஏஎஸ் பார்க்கவும் வருமான வரித் தளத்தின் லாகின் போதும். கவுன்சில் மனுவின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.