ஜோ லூயிஸும் டியோன்டே வைல்டரும்: சப்பை எதிராளிகள் யார் பெயரைக் கெடுத்தார்கள்?

எதிராளிகள் சப்பை என்ற பேச்சு இந்தக் குத்துச்சண்டை வீரர்கள் இருவர் மீதும் உண்டு. ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தை 25 முறை காத்த லூயிஸ், 1941இல் மாதம் ஒருவரை அடித்துப் போட்டபோது பத்திரிகைகள் கேலி செய்தன. சரி, அதே ஜூனில் பில்லி கான் வந்தாரே! 12 சுற்று முடிந்தபோது இரண்டு நடுவர்களின் கணக்கில் கான்தான் முன்னிலை. 13ஆம் சுற்றில் லூயிஸ் அவரைச் சாய்த்தார். 1936இல் தன்னை வீழ்த்திய ஷ்மெலிங்கை 1938இல் முதல் சுற்றிலேயே முடித்தவர் அவர். அவரைப் போய் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

2015இல் பட்டம் வென்ற வைல்டரின் வலது கை இடி நிஜம். ஆனால் மோலினா போன்ற சப்பை எதிராளிகளோடு மோதியே காலம் போனது. 2018இல் ஓர்டிஸ் ஏழாவது சுற்றில் அவரைத் தள்ளாட வைத்தார். வைல்டர் பத்தாவதில் தப்பி வென்றார். 2020இல் ஃபியூரி முன்னேறி நெருக்கியபோது வைல்டருக்குப் பின்வாங்கி ஆடத் தெரியவில்லை. ஏழாவது சுற்றில் வைல்டரின் உதவியாளர்களே தோல்வியை ஒப்புக்கொண்டு மேடைக்குள் துண்டை வீசினார்கள்.