இணைவுக் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரியும்: ஓர் ஆசிரியரின் ஒப்பீடு

1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் காமராசர் பெயரைப் பெற்ற 1978ஆம் ஆண்டிலேயே அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும், பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே அமைத்துக்கொள்ளும் தன்னாட்சியைப் பெற்றன. இவ்வட்டாரத்தில் இருவகைக் கல்லூரிகளிலும் நான் பணியாற்றியிருக்கிறேன்.

இணைவுக் கல்லூரியில் பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்தே வரும். பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பேருந்தேறுவதோடு என் பொறுப்பு முடிந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரியிலோ, வைகைப் பாசனத்தைப் பொருளியல் தாளில் ஓர் அலகாகச் சேர்க்கவேண்டும் என்று பாடத்திட்டக் குழுவில் நான் கேட்க, பல்கலைக்கழகப் பிரதிநிதியும் ஏற்றுக்கொள்ள, மறு ஆண்டே அது வகுப்பறைக்கு வந்தது. கண்மாய் மடையைத் திறந்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் அன்று பேசிய பேச்சை நான் மறக்கவில்லை.

தன்னாட்சிக் கல்லூரியில் வினாத்தாள், அகமதிப்பீடு, தர மதிப்பீட்டுக் கோப்புகள் என்று வேலை இரவுவரை நீண்டும், கற்பிக்கும் நேரம் குறைக்கப்படாதது பெருங்குறைதான். ஆனாலும், குழுவில் இளம் ஆசிரியர்களுக்கும் இடமிருந்தால், நான் தன்னாட்சியையே தேர்ந்தெடுப்பேன்.